மருந்துத் தூசியின் மேல் போடப்படும் பழி

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டியிலும் அதைச் சூழ்ந்த பட்டாசு ஊர்களிலும் கண்ணில் எது நேர்ந்தாலும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்றுதான். ஆலைக்குப் போகும் வயதினராக இருந்தால் பட்டாசு மருந்துத் தூசி, நடுவயதைக் கடந்து மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் சுகர், பேரன் பேத்தி எடுத்தவராக இருந்தால் புரை. இந்த மூன்றும் உண்மையான காரணங்கள் என்பதாலேயே இவற்றுக்கு அப்பால் இன்னொன்று இருக்கக்கூடும் என்ற ஐயம் எளிதில் எழுவதில்லை. படித்தவர்கள் இந்த விளக்கத்தோடு இரண்டு வாதங்களைச் சேர்த்துக்கொள்கின்றனர். கண்ணுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் புடைப்பு உண்டாவது நம் மக்களிடம் அரிது என்பது ஒன்று. அப்படியே உண்டானாலும் அதைப் பெருநகர மருத்துவமனையின் ஸ்கேன் கருவிதான் காட்டும், ஊரில் இருப்பவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பது மற்றொன்று. மூன்று காரணங்களும் இரண்டு வாதங்களும் சேர்ந்து இவ்வட்டாரத்தின் பொதுக் கருத்தாகவே நிலைத்துவிட்டன. ஆனால் முழு விளக்கமாக அவற்றில் எதுவும் உரசிப் பார்த்தால் நிற்பதில்லை.

தமனிப் புடைப்பு என்பதை மருத்துவர்கள் அனியூரிசம் என்கின்றனர். தமனியின் சுவரில் ஓரிடம் வலுவிழந்து, உள்ளே மோதும் இரத்தத்தின் அழுத்தத்தால், கிழிந்த டயரின் வழியே சைக்கிள் டியூப் பிதுங்குவதைப் போல வெளிப்புறமாகப் பை கட்டுவதே அது. கழுத்தின் இருபுறமும் மேலேறும் உட்கழுத்துத் தமனி மண்டையோட்டுக்குள் புகுந்து, கண்குழிக்குப் பின்னால் கேவர்னஸ் சைனஸ் எனப்படும் சிரைக் குகையைக் கடந்து வெளிவந்ததும் கண் தமனியைக் கிளையாகத் தருகிறது. அக்கிளை பார்வை நரம்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டே எலும்புத் துளை வழியாகக் கண்குழிக்குள் சென்று விழித்திரை மையத் தமனி முதலிய சிறு கிளைகளாகப் பிரிகிறது. கண் தமனி பிரியும் இடத்தில் புடைப்பு உண்டானால் அதற்கு மேலே இருப்பது பார்வை நரம்பு; உட்கழுத்துத் தமனியிலிருந்து பின்புற இணைப்புத் தமனி பிரியும் இடத்தில் உண்டானால் அதன் அருகே செல்வது இமையையும் விழியையும் அசைக்கும் மூன்றாம் மூளை நரம்பு. ஆகவே இந்தப் புடைப்புகள் வெடிப்பதற்கு முன்பே, நரம்பை அழுத்துவதன் மூலம், கண்ணின் வழியாக முன்னறிவிப்புத் தருவதுண்டு. எல்லாப் புடைப்புகளும் தருவதில்லை. ஆனால் தருகின்றவற்றையும் கேட்காமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

மருந்துத் தூசியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அலுமினியப் பவுடரும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த காற்றில் நாள் முழுவதும் உட்கார்ந்து மருந்து அடைப்பவர்களுக்குக் கண் உறுத்துவதும் சிவப்பதும் நீர் வடிவதும் இயல்பு. வெடி விபத்தில் கருவிழி வெந்துபோவதும் விழிக்கோளமே கிழிவதும் இவ்வட்டாரத்துக்குப் பழகிப்போன கொடுமைகள். ஆனால் தூசி கண்ணை முன்னாலிருந்து தாக்குகிறது. அதன் சேதம் இமையிலும் வெண்விழியிலும் கருவிழியிலும் வெளிப்படையாகத் தெரிகிறது. வலியில்லாமல், சிவப்பில்லாமல், பல மாதங்களாக ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கிக்கொண்டே போவதைத் தூசியால் விளக்க முடியாது, ஏனெனில் ஒரே அறையில் பறக்கும் தூசி வலக்கண்ணை விட்டுவிட்டு இடக்கண்ணை மட்டும் தேடிப் போவதில்லை. உடலுக்குள் சென்று பார்வை நரம்பைக் கெடுக்கும் நச்சுப் பொருள்கள் இல்லாமலில்லை. கள்ளச் சாராயத்தில் கலந்துவிடும் மெத்தனாலும், காசநோய் மருந்தான எத்தாம்புட்டாலும் அப்படிப்பட்டவை. ஆனால் அவை இரத்தத்தின் வழியாகப் பரவுவதால் பெரும்பாலும் இரு கண்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் கெடுக்கின்றன. ஒருபுறம் மட்டும் நிகழும் மங்கல் ஏதோ ஒன்று அந்தப் பக்கத்து நரம்பை அழுத்துகிறதா என்ற கேள்வியை எழுப்பியாக வேண்டும். தொழிலின் மேல் பழியைப் போடுவது தொழிலாளியின் பக்கம் நிற்பதாகத் தோன்றினாலும், அந்தப் பழி தவறான இடத்தில் விழும்போது நட்டம் தொழிலாளிக்கே வருகிறது.

ஒரு கண் மங்குவதைப் பாதிக்கப்பட்டவரே தாமதமாக உணர்வதற்கு உடலமைப்பிலேயே காரணம் இருக்கிறது. கண் தமனிப் புடைப்பு பார்வை நரம்பைக் கீழிருந்தும் வெளிப்புறத்திலிருந்தும் நெருக்கும்போது பெரும்பாலும் முதலில் இழக்கப்படுவது அந்தக் கண்ணின் மூக்குப் பக்கத்துப் பார்வைப் பரப்பு. இரு கண்களும் திறந்திருக்கையில் அந்தப் பகுதியை மறுகண் ஈடுசெய்துவிடுவதால், திரி ஒட்டுவதிலும் பெட்டி கட்டுவதிலும் எந்தத் தடுமாற்றமும் தெரிவதில்லை. ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கும் தற்செயல் நேரும்வரை குறை மறைந்தே இருக்கிறது. அப்படி ஒருநாள் தெரிந்ததும் நேற்றுத்தான் பார்வை போயிற்று என்று அவர் நம்புகிறார். அதற்கு முந்தைய வாரத்தில் ஆலையில் ஏதேனும் நெடியோ பொறியோ பட்டிருந்தால் விளக்கம் முழுமையாகிவிடுகிறது. தேடலும் அத்தோடு நின்றுவிடுகிறது.

புரை என்ற விளக்கத்துக்கு வேறொரு பலம் உண்டு. 1976இல் மதுரையில் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அது வளர்த்தெடுத்த முகாம் முறையும் தென்மாவட்டங்களில் புரையால் வரும் பார்வையிழப்பைக் குறைத்த வரலாறு மறுக்க முடியாதது. அந்த வெற்றியே, மங்கிய பார்வை என்றால் புரை, புரை என்றால் லென்சு என்ற நேர்கோட்டை மக்கள் மனத்தில் பதித்துவிட்டது. கண்ணாடிக் கடைகளின் வாசலில் நடக்கும் சிறு சோதனைகளும் இதே கோட்டில்தான் செல்கின்றன. புரைக்காக வடிவமைக்கப்பட்ட முகாம் புரையைத் தேடுவதில் குற்றமில்லை. அங்கே புரை இருக்கிறது என்று கண்டதும் வேறு எதுவும் இல்லை என்று முடிவுகட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது. அறுபது வயதுப் பெண்ணுக்குப் புரையும் இருக்கலாம், அதே கண்ணின் நரம்பை அழுத்தும் புடைப்பும் இருக்கலாம். உட்கழுத்துத் தமனியின் இந்தப் பகுதியில் உண்டாகும் புடைப்புகள் ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதும், பட்டாசு ஊர்களின் உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை.

புரையையும் புடைப்பையும் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இருட்டிய அறையில் டார்ச்சு வெளிச்சத்தை ஒரு கண்ணில் இரண்டு மூன்று நொடி காட்டி, உடனே மறுகண்ணுக்கு மாற்றி, மீண்டும் முதல் கண்ணுக்குக் கொண்டுவரும் ஊசலாட்டச் சோதனையை 1959இல் அமெரிக்க மருத்துவர் பால் லெவாட்டின் விவரித்தார். நலமான நரம்புள்ள கண்ணில் வெளிச்சம் பட்டதும் பாவை, அதாவது கருவிழியின் நடுத்துளை, சுருங்குகிறது. நரம்பு நசுங்கிய கண்ணுக்கு வெளிச்சம் மாறும்போது சுருங்க வேண்டிய பாவை விரிகிறது. புரை எவ்வளவு முற்றியிருந்தாலும் அது மட்டும் இந்தக் குறியைப் பொதுவாக உண்டாக்குவதில்லை. அடுத்ததாக, சிவப்பு மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டி நிறம் ஒன்றுபோல் தெரிகிறதா என்று கேட்பது. நரம்பு கெட்ட கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரியும். மூன்றாவதாக, நோயாளியின் எதிரே அமர்ந்து, ஒரு கண்ணை மூடச்செய்து, விரல்களை நான்கு மூலைகளிலும் காட்டி எண்ணச் சொல்வது. இம்மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும். இவற்றைச் செய்யாமல் புரை அறுவை நடந்து, லென்சு சரியாகப் பொருந்தியும் பார்வை தெளியாதபோது, அறுவை கெட்டுவிட்டது என்று ஊர் பேசுகிறதே தவிர, பார்வை நரம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கிளாக்கோமாவும் இங்கே குறுக்கிடுகிறது. நரம்பு நெடுநாள் அழுத்தப்பட்டால் விழிக்குள் அதன் முகப்பு குழிந்து காணப்படலாம். கண் நீரழுத்தம் இயல்பாக இருந்தும் குழிவு தெரிந்தால் அதை இயல்பழுத்தக் கிளாக்கோமா என்று எழுதிச் சொட்டு மருந்து கொடுத்துவிடுவது எளிது. குழிவுக்கு வெளியே எஞ்சியிருக்கும் நரம்பு விளிம்பும் வெளிறியிருந்தால், அல்லது ஒரு கண்ணில் மட்டும் பார்வை விரைந்து குறைந்தால், அந்தப் பெயரை ஐயுற வேண்டும் என்பது நரம்புசார் கண் மருத்துவத்தின் பழைய பாடம்.

இந்த விளக்கங்களில் எல்லாம் மிக ஆபத்தானது சுகர். திடீரென ஒரு கண்ணின் இமை தொங்கி, விழி வெளிப்புறமும் கீழ்ப்புறமும் சாய்ந்து, இமையைத் தூக்கிப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் நிலையே மூன்றாம் நரம்பு வாதம். நீரிழிவு அந்த நரம்பின் உட்புறச் சிறு இரத்தக்குழாய்களை அடைத்து இதை உண்டாக்குவதுண்டு. அது பெரும்பாலும் மூன்று மாதங்களில் தானாகச் சரியாவதும் உண்டு. பாவையைச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேற்பரப்பில் ஓடுவதால், வெளியிலிருந்து அழுத்தும் புடைப்பு அவற்றை முதலில் தாக்கிப் பாவையை விரியச் செய்கிறது. உள்ளிருந்து தாக்கும் நீரிழிவு அவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. பாவை விரிந்தால் புடைப்பு, விரியாவிட்டால் சுகர் என்ற சூத்திரம் இதிலிருந்து பிறந்தது. அதைச் சூத்திரமாகவே பிடித்துக்கொள்வதுதான் தவறு. நீரிழிவாலும் பாவை சற்று விரிவதுண்டு. இமையும் விழியசைவும் பாதி மட்டும் செயலிழந்திருக்கையில் பாவை இயல்பாக இருப்பது எந்த உறுதியையும் தராது, ஏனெனில் புடைப்பு அழுத்தத் தொடங்கிய முதல் நாள்களில் பாவை தப்பியிருந்து ஒரு வாரத்துக்குள் விரியக்கூடும். வலி இருந்தால் புடைப்பு என்பதும் பொய். நீரிழிவு வாதத்திலும் புருவத்தைச் சுற்றிக் கடும் வலி வரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கிடைக்கிறது. அது பெரும் நன்மை. ஆனால் நோயாளியின் அட்டையில் சுகர் என்று ஒருமுறை பதிவானதும், அதன்பின் தொங்கும் ஒவ்வோர் இமையும் சுகர் இமையாகிவிடுகிறது. அதே அட்டையில் பதிவாகும் உயர் இரத்த அழுத்தம் தமனிப் புடைப்புக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட காரணி என்பது கண்ணில் படாமல் போகிறது. மூன்று மாதம் பொறுத்திருங்கள் என்ற அறிவுரை, தலைக்குழாய்களைப் படம்பிடித்துப் பார்த்த பின் சொல்லப்பட்டால் மருத்துவம், அதற்கு முன் சொல்லப்பட்டால் சூதாட்டம். புதிதாக மூன்றாம் நரம்பை அழுத்தத் தொடங்கிய புடைப்பு பெரும்பாலும் வளர்ந்துகொண்டிருக்கும் புடைப்பு. அது வெடித்து மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் இறக்கின்றனர். பொறுத்திருந்தவருக்கு, கண்ணை உள்நோக்கியோ கீழ்நோக்கியோ திருப்பும்போது தொங்கிய இமை தானாக மேலெழும்பத் தொடங்கினால், அது குணமாவதன் அறிகுறி அன்று. நசுங்கிய இழைகள் வழிமாறி வளர்ந்ததன் அடையாளம், நீரிழிவால் உண்டாகாத ஒன்று.

புடைப்பின் கழுத்தில் உலோகக் கவ்வி மாட்டி அதை அடைக்கும் அறுவையை முதன்முதலில் 1937இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி செய்தார். அந்த நோயாளிக்கு இருந்த குறியும் மூன்றாம் நரம்பு வாதமே. சி.டி. கருவி பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஓர் இமையையும் ஒரு பாவையையும் வைத்துப் புடைப்பின் இடத்தைக் கணித்திருக்கின்றனர் என்பது, ஸ்கேன் இல்லாமல் ஊரில் ஒன்றும் தெரியாது என்ற வாதத்துக்கு வரலாறு தரும் பதில்.

பட்டாசு வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வெடி விபத்தில் அடிபட்ட கண்ணின் பாவை நிரந்தரமாக விரிந்தே இருப்பதுண்டு. அப்படிப்பட்டவரிடம் பாவை வேறுபாட்டை வைத்து எதுவும் முடிவுசெய்ய இயலாது. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு பாவையைப் பார்க்கத் தேவையில்லை என்பதன்று. விபத்துக்குப் பின் பாவையின் அளவைச் சீட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பதே. பழைய அளவு எழுதப்பட்டிருந்தால்தான் புதிய மாற்றம் மாற்றமாகத் தெரியும்.

சிவந்த கண்ணும் மருந்துத் தூசி போன்ற விளக்கத்துக்குள் விழுந்துவிடுகிறது. தலையில் அடிபட்டு, அல்லது சிரைக் குகைக்குள் இருந்த புடைப்பு கிழிந்து, உட்கழுத்துத் தமனியின் இரத்தம் சிரைக்குள் நேரடியாகப் பாயும்போது கண் துருத்தி, சிவந்து, வெண்விழியின் குழாய்கள் திருகுசுருள்களாகப் பருத்து, நாடியோடு சேர்ந்து காதுக்குள் இரைச்சல் கேட்கும். இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்த சில நாள்களுக்குப் பின் வரும் இப்படிப்பட்ட கண் மெட்ராஸ் ஐ என்றோ மருந்து பட்டது என்றோ மருந்துக் கடைச் சொட்டோடு அனுப்பப்படக்கூடும். மெட்ராஸ் ஐயில் பீளை கட்டும், அது பெரும்பாலும் மறுகண்ணுக்கும் தொற்றும். மெட்ராஸ் ஐயில் மூடிய இமையின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இரைச்சல் கேட்காது. விழித்திரைத் தமனியிலேயே உண்டாகும் பெரும்புடைப்பு வேறு வகை. அது பெரும்பாலும் உயர் இரத்த அழுத்தமுள்ள முதிய பெண்களிடம் வருவது, உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆனால் விழித்திரையின் பல அடுக்குகளில் ஒரே நேரத்தில் இரத்தம் கசியச் செய்வதால் சர்க்கரைக் கசிவு என்றோ முதுமைச் சிதைவு என்றோ தவறாகக் கொள்ளப்படுகிறது.

நம்மிடம் அரிது என்ற வாதத்துக்கு ஒரு மரியாதைக்குரிய வம்சாவளி உண்டு. 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பறுவைத் துறையைத் தொடங்கிய பி. ராமமூர்த்தி, இந்தியாவில் மூளைத் தமனிப் புடைப்புகள் காணப்படும் விகிதத்தை ஆராய்ந்து 1969இல் எழுதினார். மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே அது குறைவு என்பது அக்காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்டது. ஆனால் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை எண்ணிப் பெறும் கணக்கு, வழியிலேயே இறந்தவர்களையும், காரணம் அறியாமல் வீட்டில் முடிந்துபோன மரணங்களையும் எண்ணுவதில்லை. கடும் தலைவலியோடு வாந்தியெடுத்து மயங்கி விழுந்து இறந்த ஒருவரின் சாவு அந்நாளைய ஊர்ப்புறத்தில் பிரஷர் ஏறிய கணக்கிலோ மாரடைப்புக் கணக்கிலோ சேர்ந்திருக்கும். பிரேதப் பரிசோதனை நடந்திருக்காது. தேடாத இடத்தில் கிடைக்காததை இல்லாததாகக் கொள்ள முடியாது. உண்மையிலேயே விகிதம் சற்றுக் குறைவாக இருந்தாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் விரிந்த பாவைக்கு அந்தச் சராசரி எந்தச் சமாதானமும் ஆகாது.

ஸ்கேன் மட்டுமே காட்டும் என்ற வாதமோ இன்னும் தலைகீழானது. தலைக்குச் சி.டி. எடுத்தாயிற்று, நார்மல் என்று வந்துவிட்டது என்பதோடு பல தேடல்கள் முடிகின்றன. சாயம் செலுத்தாமல் எடுக்கும் சாதாரண சி.டி. புதிதாகக் கசிந்த இரத்தத்தைக் காட்டும். வெடிக்காத புடைப்பை அது எளிதாகத் தவறவிடும். கண் மருத்துவமனையில் கையில் மஞ்சள் சாயம் ஏற்றி எடுக்கும் படம் விழித்திரையின் குழாய்களை மட்டுமே காட்டுகிறது, கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டுக்குள் இருப்பது அதில் விழாது. தேவைப்படுவது தமனிக்குள் சாயம் ஓடும் நொடியில் தலைக்குழாய்களைப் படம்பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம், சிறுநீரகம் பழுதானவருக்குச் சாயமில்லாத எம்.ஆர். ஆஞ்சியோகிராம். ஐயம் தீராதபோது, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே குழாய் செலுத்தி எடுக்கும் நேரடி ஆஞ்சியோகிராம் இருக்கிறது. மூளைக் குழாய்களைப் படமெடுக்கும் முறையை 1927இல் லிஸ்பனில் உருவாக்கியவர் எகாஸ் மோனிஸ். அவருக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல, இன்று பலரும் வெட்கத்தோடு நினைவுகூரும் மூளைவெட்டு அறுவைக்காக என்பது மருத்துவ வரலாற்றின் கோணல்களில் ஒன்று. எந்தப் படத்தைக் கேட்பது என்பதைத் தீர்மானிப்பது கருவியன்று, அதற்கு முன்பு நடந்த சோதனை. கேள்வி தவறாக எழுதப்பட்டால் மதுரையின் மிகச் சிறந்த கருவியும் தவறான இடத்தையே படமெடுக்கும்.

இதற்கு மாறான மிகையும் ஏற்கத்தக்கதன்று. தலைவலி உள்ள எல்லோருக்கும் ஆஞ்சியோகிராம் எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள், வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நூறில் மூவரிடம் வெடிக்காத புடைப்பு இருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டையும், அவற்றில் சிறியவை பலவும் வாழ்நாளில் வெடிப்பதே இல்லை என்பதையும் கணக்கில் கொள்வதில்லை. காரணமின்றிக் கண்டெடுத்த சிறு புடைப்பு ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் அச்சத்திலும் கடனிலும் வைக்கும். ஆகவே வேண்டியது கூடுதல் படங்கள் அல்ல, குறிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த படங்கள்.

எஞ்சுவது, கண்டறிந்தாலும் ஏழைக்கு என்ன பயன் என்ற கேள்வி. உரிமம் பெற்ற ஆலையில் பதிவுபெற்றவருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, அட்டை இல்லாமல் வீட்டில் திரியும் வெடியும் ஒட்டும் பெண்ணுக்கு அது இல்லை, ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூளை அறுவைகள் அடங்குகின்றன. டாண்டியின் கவ்விக்குப் பின் 1990களில் பரவிய பிளாட்டினச் சுருள் முறையும், 2011க்குப் பின் பரவலான, தமனிக்குள் வலைக்குழாய் பொருத்தி இரத்தத்தைத் திசைதிருப்பும் முறையும் மண்டையைத் திறக்காமலே பல புடைப்புகளை அடைக்கின்றன. எந்த முறையானாலும், நரம்பு எத்தனை காலம் நசுங்கியிருந்தது என்பதைப் பொறுத்தே பார்வை திரும்புகிறது. முற்றிலும் வெளிறிய நரம்புக்கு எந்தச் சிகிச்சையும் பயன்படாது. எனவே காலம் வீணாகக் கூடாத இடம் வெம்பக்கோட்டைக்கும் சிவகாசிக்கும் இடையிலான முதல் பரிந்துரைச் சீட்டு. அதில் கண் மங்கல், பட்டாசுத் தொழிலாளி என்று எழுதினால் நோயாளி மறுபடியும் சொட்டு மருந்தோடு திரும்புவார். இடக்கண்ணில் நான்கு மாதமாக வலியில்லா மங்கல், டார்ச்சு ஊசலில் இடப்பாவை விரிகிறது, சிவப்பு வெளிறித் தெரிகிறது, மூக்குப் பக்கப் பரப்புக் குறைவு, தலைக்குழாய்களுக்குச் சி.டி. ஆஞ்சியோகிராம் தேவை என்று எழுதினால் அவர் நேராக நரம்பியல் பிரிவின் வரிசையில் நிற்பார். தொங்கிய இமையோடு விரிந்த பாவை இருந்தால் சீட்டில் இன்னொரு வரியும் வேண்டும்: இன்றே, 108இல்.